டோக்கன் இல்லாத நாய்

உட்காருங்கள் தம்பி. அந்தக் கதவை முறைத்துக்கொண்டு நின்றால் அது திறந்துவிடாது. நான் அரை மணி நேரமாக முறைத்துப் பார்த்துவிட்டேன். இந்த நாற்காலியில் உட்காரலாம். இதில் இருந்தது ஒரு முயல்தான், மருந்து வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டது. புழுக்கை கிடந்தால் தட்டிவிட்டு உட்காருங்கள்.

கவுண்டரில் அந்தப் பெண்ணிடம் நீங்கள் கேட்டது என் காதிலும் விழுந்தது. டீ குடித்துவிட்டு வருவதற்குள் யாரோ டோக்கன்கூட வாங்காமல் ஒரு நாயை நேரே உள்ளே கொண்டுபோய்விட்டார்களாம், ஒன்பதாம் நம்பரைக் கையில் வைத்துக்கொண்டு நீங்கள் காலையிலிருந்து தவம் கிடக்கிறீர்களாம், இது என்ன நியாயம் என்று கேட்டீர்கள். நல்ல கேள்வி. குரலும் நன்றாக எடுபட்டது. அதே கேள்வியை இதே கவுண்டரில் நானும் கேட்டிருக்கிறேன். இரண்டு பக்கத்துக்கு எழுதியே கொடுத்திருக்கிறேன்.

அந்த யாரோ நான்தான். உள்ளே இருப்பது என் நாய்.

எழுந்திருக்க வேண்டாம், கோபப்படுவதாக இருந்தால் உட்கார்ந்தே கோபப்படலாம். கூடையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். பூனையா? காலில் முள்ளா? என்ன கத்துக் கத்துகிறது. நல்லது தம்பி. கத்துகிற பூனைக்கு ஒன்றும் ஆகாது. இங்கே கத்தாமல் வருகிறவற்றைத்தான் ஓட்டமாகத் தூக்கிக்கொண்டு போகிறார்கள்.

என் நாய்க்குப் பெயர் பாசஞ்சர். சிரியுங்கள், எல்லோரும் சிரிப்பார்கள். ஒவ்வொரு கம்பத்திலும் நின்று நின்று போகிறவனுக்கு வேறு என்ன பெயர் வைப்பது? கருமண்டபத்து வீட்டிலிருந்து ஜங்ஷன் வரை நாற்பது கம்பம், நாற்பதிலும் நிறுத்தம். எதிரில் இன்னொரு நாய் வந்துவிட்டால் கிராசிங் வேறு. பெயர் வைத்தவள் என் தங்கை இந்திராணி. ரயில்வே குடியிருப்பில் குப்பைத்தொட்டி ஓரமாகக் கிடந்த குட்டியை முந்தானையில் சுற்றிக் கொண்டுவந்தவளும் அவள்தான். எனக்கு நாய் பிடிக்காது. இப்போதும் பிடிக்கும் என்று சொல்ல மாட்டேன். அவள் போய்ச் சேர்ந்தாள், நாய் என்னிடம் நின்றுவிட்டது, அவ்வளவுதான். என்னைவிட ஏழு வயது சின்னவள். எமனுக்கு வரிசை என்றால் என்ன என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. எருமையில் வருகிறவனிடம் என்ன எதிர்பார்க்க முடியும்.

பாசஞ்சர் இன்றைக்கு வெயிலில் விழுந்துவிட்டான். உடம்புச் சூடு நூற்றேழு. கொண்டுவந்து அரை மணி நேரம் ஆகிறது, உள்ளேயிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. பிழைப்பானா என்று கேட்டேன். டாக்டர் ரிஸ்வானா ஓடிக்கொண்டே “பாக்கலாம்மா” என்றாள். அந்த வார்த்தை எனக்கு நன்றாகத் தெரியும் தம்பி. முப்பத்து நான்கு வருஷம் ரயில்வே ரிசர்வேஷன் கவுண்டரில் உட்கார்ந்தவள் நான். வெயிட்டிங் லிஸ்ட் இருநூற்றுப் பதினெட்டு என்று இருக்கும், கிடைக்குமா அம்மா என்று கேட்பார்கள். நாங்களும் பார்க்கலாம் என்றுதான் சொல்வோம்.

அதனால்தான் இங்கே எல்லோரும் என்னை ரிசர்வேஷன் அம்மா என்கிறார்கள். சௌந்தரவல்லி என்று எனக்கு ஒரு பெயர் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டவளும் போய்விட்டாள்.

அந்தக் காலத்தில் திருச்சி ஜங்ஷனில் என் கவுண்டர் வரிசையைப் பார்த்து நூல் பிடிக்கலாம். மற்ற ஜன்னல்களில் ஆட்கள் ஒருவர் தோள்மேல் ஒருவர் ஏறி நிற்பார்கள். என் ஜன்னலில் ஒரு சத்தம் இருக்காது. எனக்கு மேலே இருந்த அதிகாரியின் மைத்துனர் ஒருநாள் பக்கவாட்டுக் கதவு வழியாக வந்தார். போய் இருபத்தாறாவது ஆளாக நில்லுங்கள் என்றேன். நின்றார். ஊரே பேசியது. இன்னொன்று, இந்த இடம் பிடித்து வைக்கிற வேலை என்னிடம் நடக்காது. விடியற்காலையில் வந்து வரிசையில் செருப்பை விட்டுவிட்டு டீக்கடைக்குப் போவார்கள். கல்லை வைப்பார்கள், பையை வைப்பார்கள், தண்ணீர்ப் பாட்டிலை வைப்பார்கள். கவுண்டர் திறந்ததும் முதல் காரியமாக நான் வெளியே வருவேன், கையில் துடைப்பம் இருக்கும். செருப்பு ஊருக்குப் போகிறதா, மனிதன் ஊருக்குப் போகிறானா? டீ குடித்துவிட்டு வருகிறவன் தன் செருப்பை வாசலில்தான் தேட வேண்டும்.

இரக்கமில்லாதவள் என்று சொன்னார்கள். சொல்லட்டும். இரக்கப்பட ஆரம்பித்தால் முடியுமா? மே மாதத்தில் ஒரு ரிசர்வேஷன் கவுண்டருக்கு முன்னால் எத்தனை அம்மாக்கள் சாகக் கிடப்பார்கள் தெரியுமா தம்பி? ஊட்டிக்குப் போகிறவனுக்கும் அம்மா சாகக் கிடப்பாள். ஒரே ஆள் ஒரு வருஷத்தில் மூன்று முறை அம்மாவைச் சாகக் கொடுத்தார். நாலாவது முறை அந்த அம்மாவே பக்கத்தில் வந்து நின்று, எனக்குக் கீழ் பெர்த் போடு என்றாள்.

நாகர்கோவில்காரர் ஒருவர் வந்தார். அதுவும் மே மாதம்தான். நேரே ஜன்னலுக்கு வந்து, அம்மாவுக்கு மூச்சு வாங்குகிறது என்று தந்தி வந்திருக்கிறது, ஒரு டிக்கெட் கொடுத்தால் போதும் என்றார். எல்லோருக்கும் அம்மா இருக்கிறார்கள், போய் வரிசையில் நில்லுங்கள் என்றேன். வரிசையில் எல்லோரும் சிரித்தார்கள். அவர் கடைசியில் போய் நின்றார். இரண்டு மணிக்குக் கவுண்டரை மூட வேண்டும், ஆள் மாறுகிற நேரம். மூடும்போது அவருக்கு முன்னால் இரண்டே பேர். சட்டம் என்றால் சட்டம். இரண்டேகாலுக்கு அடுத்த ஆள் திறந்தபோது அவரைக் காணோம். ஆயிரக்கணக்கான பேரைப் பார்த்தவள் நான், எல்லோரையும் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியுமா? அவர் முகம்கூட எனக்கு ஞாபகமில்லை. நீலத்தில் கட்டம் போட்ட சட்டை, மேல் பொத்தான் இல்லை. வேறு எதுவும் ஞாபகமில்லை.

அதை விடுங்கள். இந்த ஆஸ்பத்திரிக்கு வருவோம்.

முதல்முதலில் வந்தது சித்திரையில். பாசஞ்சர் காதைச் சொறிந்து சொறிந்து உள்ளே ரத்தம் கட்டி, காது போண்டா மாதிரி ஆகிவிட்டது. காலை எட்டரைக்கே வந்துவிட்டேன். கவுண்டரில் இந்தச் செல்வமேரிதான் இருந்தாள். காதைப் பார்த்தாள், நாலாம் நம்பர் டோக்கன் கொடுத்தாள், உட்காருங்கம்மா என்றாள். மூன்று பேர் போனதும் நாம்தானே? இல்லை. ஒரு நகைக்கடைக்காரரின் லாப்ரடார் வந்தது, வயிறு பானை மாதிரி ஊதியிருந்தது, டோக்கன் இல்லாமல் உள்ளே போனது. அப்புறம் குட்டி போட முடியாத பொமரேனியன். அப்புறம் ஒரு பூனை, மூன்றாம் மாடியிலிருந்து விழுந்ததாம். அப்புறம் ஒரு ஆடு. ஆடு, தம்பி! அது செல்லப் பிராணியா, ஞாயிற்றுக்கிழமையா என்று அதற்கே இன்னும் தெரியாது. பதினொன்றரை வரை நான் நாலாம் நம்பராகவே இருந்தேன்.

ஆலோசனைப் புத்தகம் எங்கே என்று கேட்டேன். இந்தப் புத்தகத்தை இதுவரை யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது, தூசி தட்டிக் கொடுத்தார்கள். வந்த வரிசையை மீறுவது பொதுமக்களின் நம்பிக்கையைக் குலைக்கும் என்று தொடங்கி, அ, ஆ, இ என்று பிரித்து, இரண்டு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். டாக்டர் ரிஸ்வானா அதைப் படித்துவிட்டு வெளியே வந்தாள். சின்னப் பெண், முப்பது வயதுகூட இருக்காது. ஒரு கையில் மட்டும் உறை.

“இங்க வரிசை வந்த நேரத்த வச்சு இல்லம்மா. கையில மிச்சம் இருக்கற நேரத்த வச்சு. பாசஞ்சருக்கு நெறைய இருக்கு. டோக்கன் குடுத்து உக்கார வச்சா சந்தோஷப்படுங்க.”

சாமர்த்தியமான பேச்சுத்தான். எங்கள் ரயில்வேயில்கூட தாமதத்துக்கு இவ்வளவு அழகான காரணம் யாரும் கண்டுபிடித்ததில்லை. அப்படியென்றால் நம்பர் எதற்கு, பிள்ளையார் கோயில் சுண்டல் மாதிரி கை நீட்டுகிறவனுக்கெல்லாம் கொடுத்துவிட்டுப் போங்களேன் என்றேன். அவள் சிரித்துவிட்டு உள்ளே போனாள். சிரித்தது எனக்குப் பிடிக்கவில்லை.

இரண்டாம் முறை வந்தது போன மாதம். மாங்கொட்டையை முழுதாக விழுங்கிவிட்டு வாந்தி எடுத்தான். டோக்கன் ஆறு. அடுத்தது நான்தான் என்று நாயைக் கையில் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிறேன், ஒரு கோழி உள்ளே போகிறது. கேட்டுக்கொள்ளுங்கள், கோழி. கோழிக்கு என்ன அவசரம்? கோழியின் அவசரமெல்லாம் குக்கரில் விசில் வருவதுதானே. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை வேறு. அந்தக் கோழியின் அக்கா தங்கை எல்லோரும் அந்த நேரத்தில் ஊர் முழுக்கக் குழம்பில் கொதித்துக்கொண்டிருப்பார்கள், இதற்கு மட்டும் ஆக்சிஜன்.

கொண்டுவந்தவர் பெரிய மீசைக்காரர். கோழியை உள்ளே கொடுத்துவிட்டு, இதோ நீங்கள் இருக்கிற நாற்காலியில்தான் உட்கார்ந்தார். நான் விடுவேனா? ஒரு நாயை நிறுத்திவைத்துவிட்டுக் கோழியை அனுப்புகிறீர்களே, இது அடுக்குமா என்றேன். அதற்குப் பெயர் வேறு வைத்திருந்தார், மகாராணி. “எம் மகளோடதுங்க” என்றார். மகளுக்கு வேறு கோழி வாங்கிக் கொடுக்கலாமே என்றேன். அவர் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். மீசை நனைந்திருந்தது. இங்கே ஃபேன் சரியாகச் சுற்றுவதில்லை, வியர்க்கும்.

அரை மணி நேரம் கழித்து அவரை உள்ளே கூப்பிட்டார்கள். வெளியே வந்தபோது கையில் ஒரு துண்டு சுருட்டி வைத்திருந்தார். என் முன்னால் வந்து நின்றார். ஆகட்டும், சண்டைக்கு வருகிறார் என்று நானும் முந்தானையைச் செருகிக்கொண்டேன்.

“நீங்க போங்கம்மா. இனிமே உங்க முறைதான்” என்றார்.

வழியும் விட்டார். பரவாயில்லை, மரியாதை தெரிந்த மனிதர் என்று நினைத்துக்கொண்டேன். துண்டில் என்ன இருந்தது என்று நான் பார்க்கவில்லை. என் நம்பரைக் கூப்பிட்டுவிட்டார்கள் அல்லவா?

பூனை சத்தத்தை நிறுத்திவிட்டதே, கொஞ்சம் பாருங்கள். தூங்குகிறதா? சரி. தூங்கட்டும். மூச்சு விடுகிறது, வயிறு அசைகிறது பாருங்கள்.

இன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் பகுதிக் குடியிருப்போர் சங்கம் நாய்களுக்கு வெறிநோய்த் தடுப்பூசி முகாம் வைத்திருந்தது, பள்ளிக்கூட மைதானத்தில். பத்து மணிக்கு. பந்தல் போட்டிருந்தார்கள், ஊசி போடுகிறவருக்கும் சங்கத் தலைவருக்கும். நாய்களுக்கும் எங்களுக்கும் வானம்தான் பந்தல். நாற்பது நாய்க்கு மேல் இருக்கும். வரிசையா அது? சந்தை. ஒன்றின் வாலை ஒன்று மோந்துகொண்டு, கயிறெல்லாம் பின்னிக்கொண்டு, ஆளாளுக்கு ஒரு பக்கம். நான்தான் எல்லோரையும் நிறுத்தி ஒழுங்கு பண்ணினேன். பெரியவர்கள்கூடக் கேட்டுக்கொண்டார்கள். குரலில் இன்னும் அந்தப் பழைய அதிகாரம் இருக்கிறது, பாசஞ்சர்கூட என்னை நிமிர்ந்து பார்த்தான். எனக்குப் பன்னிரண்டாவது இடம். சரியாக வந்த வரிசைப்படி பன்னிரண்டு.

எனக்குப் பின்னால் ஒரு அம்மா, கையில் பொமரேனியன். அதற்கு உடம்பெல்லாம் ரோமம், இந்த வெயிலில் ஸ்வெட்டர் போட்ட மாதிரி. கொஞ்ச நேரம் பார்த்தாள், செருப்பைக் கழற்றி வரிசையில் விட்டாள், நாயைத் தூக்கிக்கொண்டு வேப்ப மரத்தடிக்குப் போய்விட்டாள். அவளைப் பார்த்து முன்னால் இருந்தவரும் அதையே செய்தார். பார்த்துக்கொண்டே இருக்கிறேன், ஒவ்வொருவராகச் செருப்பை விட்டுவிட்டு நிழலுக்குப் போகிறார்கள். நான் கட்டிய வரிசையில் மனிதர்களைவிடச் செருப்பு அதிகம் ஆகிவிட்டது.

அந்த அம்மா மரத்தடியிலிருந்து கூப்பிட்டாள். “நாய்க்கு எரைக்குதும்மா. நீங்களும் செருப்ப விட்டுட்டு வாங்க, நான் பாத்துக்கறேன்.”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? செருப்புக்கு ஊசி போட மாட்டார்கள் என்றேன். மரத்தடியில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, மறைப்பானேன். ரிடையர் ஆன பிறகு என் பேச்சுக்கு அத்தனை பேர் சேர்ந்து சிரித்ததில்லை.

பாசஞ்சர் மரத்தைப் பார்த்து இரண்டு தடவை கயிற்றை இழுத்தான். கம்பத்தைத் தேடுகிறான் என்று நினைத்து ஒரு அதட்டுப் போட்டேன். அப்புறம் இழுக்கவில்லை. என் காலடியில் படுத்துவிட்டான். சுற்றிலும் நாய்கள் நிழலில் குதித்துக்கொண்டிருக்க இவன் ஒருவன் மட்டும் ஒழுங்காக வரிசையில் படுத்திருக்கிறான், வளர்த்த வளர்ப்பு என்று பெருமைப்பட்டேன். சங்கத் தலைவரிடமே சொன்னேன், பாருங்கள் என் நாயை என்று. அவரும் பார்த்து மெச்சினார். இரண்டு பேரும் பார்த்துக்கொண்டுதான் நின்றோம். நாக்கு ஒரு முழம் வெளியே தொங்கியது. வாயிலிருந்து கெட்டியாக நூல் மாதிரி எச்சில் ஒழுகியது. ஈறு செங்கல் நிறமாக இருந்தது. அதெல்லாம் கண்ணில் பட்டது தம்பி. படாமல் இல்லை. ஆனால் எனக்கு முன்னால் இன்னும் இரண்டே பேர். இரண்டே பேர்தான். இத்தனை நேரம் நின்றுவிட்டு அந்த இரண்டு பேருக்காக இடத்தை விடுவதா என்று நினைத்தேன்.

என் முறை வந்தது. எழுந்திரு என்று கயிற்றை இழுத்தேன். கயிறு வந்தது, தலையும் கொஞ்சம் வந்தது, நாய் வரவில்லை.

அந்தப் பொமரேனியன் அம்மாதான் ஓடி வந்து பாட்டில் தண்ணீரை அவன்மேல் ஊற்றினாள். ஆட்டோ பிடித்ததும் அவள்தான். ஆட்டோக்காரர் பின்னால் கோணியை விரித்தார். நான் தரையில் உட்கார்ந்து அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டேன், வழியெல்லாம் தண்ணீர் தெளித்தேன், முந்தானையால் விசிறினேன். சிக்னலில் சிவப்பு விளக்கு. வண்டியெல்லாம் வரிசையாக நிற்கிறது. நியாயமான, நேரான வரிசை. போங்கள், போங்கள், நடைபாதைமேல் ஏற்றிப் போங்கள் என்று ஒரு குரல் கத்தியது. ஆட்டோக்காரர் திரும்பி என்னைப் பார்த்தபோதுதான் கத்தியது நான் என்று தெரிந்தது.

உள்ளே வந்தேன். இந்த நாற்காலிகளெல்லாம் நிரம்பியிருந்தன, பதினாலு பதினைந்து பேர் இருப்பார்கள். நீங்கள் டீக்குப் போயிருந்தீர்கள். ஆட்டோக்காரர் நாயைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் வருகிறார். நான் நேரே கவுண்டருக்குப் போய்க் கையை நீட்டினேன். பழக்கம். டோக்கன் என்று கேட்டேன். செல்வமேரி என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் பாசஞ்சரின் தலை தொங்குவதைப் பார்த்தாள். மணியை அடித்தாள், உள்ளேயிருந்து இரண்டு பேர் ஓடிவந்தார்கள்.

நான் நீட்டிய கையை மடக்கவில்லை. டோக்கன் கொடு மேரி, எத்தனாம் நம்பராக இருந்தாலும் பரவாயில்லை, கொடு என்றேன்.

“உங்களுக்கு வேணாம்மா” என்றாள்.

சித்திரையிலிருந்து இவளிடம் எத்தனை சண்டை போட்டிருக்கிறேன். எத்தனையோ வார்த்தை சொல்லியிருக்கிறாள். இவ்வளவு மெதுவாக ஒரு நாளும் பேசினதில்லை.

கதவு சாத்திக்கொண்டது. நான் திரும்பி இவர்களைப் பார்த்தேன். யாராவது கேட்பார்கள் என்று நின்றேன். கேட்க வேண்டும் அல்லவா? பதினைந்து பேர் உட்கார்ந்திருக்கும்போது ஒருத்தி எல்லோரையும் தாண்டிக்கொண்டு போகிறாள். ஒருவர் வாய் திறக்கவில்லை. அதோ அந்தக் குட்டைக்கால் நாய்க்காரர் காலை மடக்கி வழி விட்டார். லவ் பேர்ட்ஸ் கூண்டு வைத்திருந்த பெண் எழுந்து இந்த இடத்தைக் கொடுத்தாள். நானாக இருந்தால் கேட்டிருப்பேன். நான்தான் கேட்டேனே, கோழியைக் கேட்டேனே. இவர்கள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே தம்பி, அதைவிட நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். அப்புறம் நீங்கள் வந்தீர்கள், உரக்கக் கேட்டீர்கள். இந்த அறையில் என்னை மற்றவர்களைப் போல நடத்தியது நீங்கள் ஒருவர்தான். அதனால்தான் கூப்பிட்டு உட்காரவைத்தேன்.

அந்த நாகர்கோவில்காரரைப் பற்றி ஏன் கேட்கிறீர்கள்? கேட்கவில்லையா? கேட்ட மாதிரி இருந்தது. அவர் ஊருக்குப் போனாரா, பஸ்ஸில் போனாரா, போகிறவரைக்கும் அவர் அம்மா இருந்தாளா, இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? பூர்த்தி செய்த படிவத்தை ஜன்னல் திட்டிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார். ஏசுவடியான், ஆண், வயது முப்பத்தொன்று, எந்த வகுப்பாக இருந்தாலும் சரி என்று எழுதியிருந்தது. அந்தக் காகிதம் எங்கேயாவது கிடக்கும். பீரோவில், பட்டுப்புடவைக்கு அடியில், எங்கேயாவது. இந்திராணி ஒருநாள் எடுத்துவிட்டு, இதை எதற்கு வைத்திருக்கிறாய் சௌந்தரவல்லி அக்கா என்றாள். பின்பக்கம் வெள்ளையாக இருக்கிறது, கணக்கு எழுத ஆகும் என்றேன். முப்பது வருஷமாக ஒரு கணக்கும் எழுதவில்லை.

இருங்கள். மேரி வருகிறாள். என்னைப் பார்த்துத்தான் வருகிறாள். கையில் ஏதோ காகிதம். கையெழுத்து வாங்குகிற காகிதமாக இருக்கும். தம்பி, கொஞ்சம் அந்தக் கூடையை நகர்த்திக்கொள்ளுங்கள், நான் நிற்க வேண்டும். சொல்லு மேரி.

“சூடு நூத்தி மூணுக்கு எறங்கிடுச்சும்மா. தலையத் தூக்கிப் பாத்தான். குளுக்கோஸ் கொழாயக் கடிக்கப் போனானாம், டாக்டர் திட்டிட்டு இருக்காங்க. ரெண்டு நாள் இங்கயே இருக்கணும். கிட்னி, ரத்தம் எல்லாம் பாக்கணும், இப்பவே ஒண்ணும் உறுதியாச் சொல்ல முடியாதுன்னாங்க. டாக்டர் உங்ககிட்டப் பேசணும். ஆனா இப்ப இல்ல, மத்தவங்க காத்துக்கிட்டு இருக்காங்க. உங்க நம்பர் வர்றப்ப கூப்பிடுவோம். இந்தாங்க.”

கொஞ்சம் படித்துச் சொல்லுங்கள் தம்பி, வெயிலில் போய்வந்ததில் கண்ணாடி மங்கிக் கிடக்கிறது. பதினேழா? நன்றாகப் பாருங்கள். பதினேழுதானா? இவர்களிடம் நாலு வாங்கியிருக்கிறேன், ஆறு வாங்கியிருக்கிறேன், இவ்வளவு பெரிய நம்பர் இதுவரை எனக்குக் கொடுத்ததில்லை. பதினேழு என்றால் சாயங்காலம் ஆகிவிடும். ஆகட்டும். யாராவது நடுவில் கோழியைக் கொண்டுவந்தால் இன்னும் ஆகும்.

எட்டைக் கூப்பிடுகிறார்கள், அடுத்தது நீங்கள்தான். எட்டுக்கு அப்புறம் ஒன்பது, அதில் ஒரு மாற்றமும் இல்லை, யாராவது மாற்றினால் என்னிடம் சொல்லுங்கள்.

போவதற்குள் ஒரு உதவி. அந்தக் கதவில் வட்டமாக ஒரு கண்ணாடி இருக்கிறது பாருங்கள், கால் விரலில் நின்றால் எட்டிப் பார்க்கலாம். ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு வருகிறேன். ஆனால் இந்த நாற்காலியை விட்டால் போய்விடும், அந்த ஆமைக்காரர் அப்போதிலிருந்து இதன்மேலேயே கண்ணாக நிற்கிறார். பையை வைக்கலாம் என்றால் அது ஆட்டோவோடு போய்விட்டது. இந்தச் செருப்பை வைத்துவிட்டுப் போகிறேன். யாராவது கேட்டால் ஆள் இருக்கிறது என்று சொல்லுங்கள். அதற்குள் உங்களைக் கூப்பிட்டால் நீங்கள் போய்விடுங்கள், அது பாட்டுக்கு இருக்கட்டும்.

இப்படி நடுவில் வைத்தால் போதுமா, இல்லை இன்னும் கொஞ்சம் முன்னால் வைக்கவா? எனக்கு இதில் பழக்கமில்லை.

என் காலைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். இங்கே தரை குளிர்ச்சியாகத்தான் இருக்கிறது.